யாழ்ப்பாணத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்: 'போட்டு வாறன்' முதல் படம் போடுவது வரை

ஆடி, ஆவணி மாதங்களில் எங்கள் வீட்டு விறாந்தையில் கதிரை போதாது. கனடா, லண்டன், பாரிஸ் என்று போன சொந்தங்கள் பிள்ளைகளோடு வந்து இறங்கும் காலம் அது. அங்கே பிறந்த பிள்ளைகள் கேட்கும் கேள்விகள் எனக்கு மிகவும் பிடிக்கும். நாங்கள் யோசிக்காமலே செய்துவிட்டுப் போகிற காரியத்தை அவர்கள் நிறுத்தி, 'ஏன் மாமி?' என்று கேட்பார்கள். பதில் சொல்லப் போய்த்தான் எனக்கே பல விஷயம் விளங்கியது. கொழும்பிலிருந்து வேலைக்கு வருகிறவர்களும், இந்தியாவிலிருந்து ஆய்வுக்கு வருகிறவர்களும்கூட கிட்டத்தட்ட இதே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். திரும்பத் திரும்ப வந்தவற்றை இங்கே எழுதி வைக்கிறேன். இது வலிகாமத்தில் வளர்ந்த ஒருத்தியின் பதில். வடமராட்சியிலும் தீவுப்பகுதியிலும் சில வழக்கங்கள் கொஞ்சம் மாறும்.

புறப்படும்போது 'போறன்' என்று சொன்னால் ஏன் எல்லாரும் பதறுகிறார்கள்?

'போறன்' என்றால் திரும்பி வராத போக்கு. 'போட்டு வாறன்', அதாவது போய்விட்டு வருகிறேன், என்றுதான் சொல்ல வேண்டும். கடைக்குப் போய் ஒரு றாத்தல் பாண் வாங்கி வருவதானாலும் அப்படித்தான். வாய் தவறி 'போறன்' என்று சொல்லிவிட்டால் அம்மம்மா உடனே, "போட்டு வாறன் எண்டு சொல்லு" என்று திருத்துவார். திருத்திச் சொன்ன பிறகுதான் படலை திறக்கும்.

என் தலைமுறைக்கு இது வெறும் சம்பிரதாயம் இல்லை. காலையில் சைக்கிளில் போனவர் பின்னேரம் வராத வீடுகள் எங்கள் ஒழுங்கையிலேயே இருந்தன. அதனால் அந்தச் சொல்லை இன்றும் நான் அழுத்தித்தான் சொல்வேன். பிள்ளைகளையும் சொல்லச் சொல்வேன்.

ஒரே ஒரு இடத்தில் மட்டும் சொல்லக் கூடாது. செத்தவீட்டிலிருந்து புறப்படும்போது யாரிடமும் எதுவும் சொல்லாமல் எழும்பிப் போய்விட வேண்டும்.

செத்தவீட்டுக்குப் போனால் என்ன சொல்ல வேண்டும், என்ன செய்ய வேண்டும்?

எதுவும் சொல்லத் தேவையில்லை. வெளிநாட்டுப் பிள்ளைகள் இதற்குத்தான் அதிகம் பயப்படுகிறார்கள். ஆறுதல் வார்த்தை ஏதாவது பாடமாக்கிக்கொண்டு வர வேண்டுமா என்று கேட்கிறார்கள். வேண்டாம். போய், கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் இருந்தால் போதும். பெண்கள் கட்டிப்பிடித்து அழுவார்கள். அழுகை வந்தால் அழலாம், வராவிட்டால் சும்மா இருக்கலாம். யாரும் உங்களை அளந்து பார்க்கப் போவதில்லை. வீட்டுக்குத் திரும்பியதும் தலையில் தண்ணீர் வார்த்துவிட்டுத்தான் உள்ளே போவது வழக்கம்.

சத்தமில்லாமல் நடக்கிற வேலைதான் முக்கியம். அந்த வீட்டில் அடுப்பு மூட்டுவதில்லை. அதனால் அயலட்டை சமைத்துக் கொடுக்கும். எங்கள் அப்பா தவறிய அன்று விடியப்புறம் நாலரை மணி இருக்கும். பின்வேலியில் இருந்த பொட்டுக்குள்ளால் (இடைவெளி வழியாக) பக்கத்து வீட்டு அக்கா ஒரு பெரிய பிளாஸ்கும், துணியால் மூடிய சட்டியும் கொண்டு வந்தார். பிளாஸ்கில் பிளேன்ரீ, பால் விடாத தேநீர். சட்டியில் இடியப்பம், மேலே சொதியை ஒரு போத்தலில் தனியாக வைத்திருந்தார். 'சாப்பிடுங்கோ' என்று அவர் சொல்லவில்லை. கோப்பைகளை அடுக்கி, ஊற்றி, அம்மாவின் கைக்குள் ஒன்றைத் திணித்துவிட்டு, முற்றத்தைக் கூட்டத் தொடங்கிவிட்டார். அவரோடு நாங்கள் ஒரு வருடமாக எல்லைப் பிரச்சினையில் கதைக்காமல் இருந்தோம். அன்றைக்குப் பிறகு அந்தப் பிரச்சினை எங்கே போனதென்று தெரியாது.

இப்போது ஒரு புது வழக்கம் சேர்ந்திருக்கிறது: நேரலை. பிரேதத்தின் தலைமாட்டில் கைபேசியை ஒரு தாங்கியில் நிறுத்திவிடுகிறார்கள். வர முடியாத பிள்ளைகள் தூரத்து நாட்டில் இரவு இரண்டு மணிக்கு விழித்திருந்து பார்க்கிறார்கள். இதை அநாகரிகம் என்று சிலர் சொல்கிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. விசா கிடைக்காத ஒரு மகன் அந்தச் சின்னத் திரையிலிருந்து "அம்மா" என்று கூப்பிட்டதையும், கிரியை செய்துகொண்டிருந்த ஐயர் மந்திரத்தை நிறுத்திவிட்டு அவன் அழுது முடிக்கும்வரை காத்திருந்ததையும் நேரில் பார்த்திருக்கிறேன். அந்த ஐயரின் மேல் எனக்குப் பெரிய மரியாதை.

'கல்வெட்டு' என்று ஒரு புத்தகம் தந்தார்கள். அது என்ன?

கல்லில் வெட்டியது இல்லை. அச்சடித்த நினைவு மலர். 31ஆம் நாள் அந்தியேட்டியோடு கொடுப்பார்கள். இறந்தவரின் வாழ்க்கை வரலாறு, வம்சாவளி, தேவாரங்கள், பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் புலம்புவதாகப் பாடல்கள், எல்லாவற்றுக்கும் மேலாக இறந்த திதியைச் சொல்லும் ஒரு வெண்பா. ஊரில் ஒரு புலவரோ தமிழ் வாத்தியாரோ அதை எழுதிக் கொடுப்பார். பெரிய மனிதர்களுக்கு மட்டும் எழுதப்படுவதில்லை. மீன் விற்றவருக்கும் தையல் தைத்தவருக்கும்கூட வெண்பா உண்டு. ஒரு ஊரின் சரித்திரத்தை அறிய விரும்புகிறவர்கள் பழைய கல்வெட்டுகளைத் தேடிச் சேர்க்கிறார்கள். எங்கள் வீட்டில் ஒரு பெட்டி நிறைய இருக்கிறது. தயவுசெய்து எறிந்துவிடாதீர்கள்.

யாழ்ப்பாணத்தில் 'பேசினார்' என்றால் சண்டையா?

ஏறக்குறைய. இங்கே 'கதைப்பது' என்றால்தான் உரையாடுவது. 'பேசுவது' என்றால் ஏசுவது. 'அம்மா பேசுவா' என்று பிள்ளை சொன்னால், வீட்டில் திட்டு விழும் என்று அர்த்தம். சென்னையிலிருந்து வந்த ஒரு மாணவி என் மகளிடம், "நேத்து உங்க அம்மாகிட்ட ரொம்ப நேரம் பேசினேன்" என்றாள். மகள் முகம் வாடி என்னிடம் வந்து, "அவ உங்களுக்குப் பேசினவவாம், ஏன்?" என்று கேட்டாள். கலியாணம் மட்டும் விதிவிலக்கு, கலியாணம் 'பேசுவார்கள்'.

அப்புறம் 'ஓம்'. ஆமாம் என்பதற்கு இங்கே ஓம். வடிவு என்றால் அழகு. கெதியாய் என்றால் விரைவாக. பகிடி என்றால் வேடிக்கை. வெளிக்கிடுவது என்றால் உடுத்துப் புறப்படுவது. கதிரை, அலமாரி, யன்னல், சப்பாத்து எல்லாம் போர்த்துக்கேயர் விட்டுப்போனவை; இப்போது அவை எங்கள் சொற்கள்.

ரிவியும் படமும் பார்த்து வளர்கிற பிள்ளைகள் 'ஆமா', 'செம', 'மச்சி' என்று கதைக்கிறார்கள். இதைக் கேட்டு அடிக்கப் பாய்கிற பெரியவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. பிள்ளை தனக்குப் பிடித்த நாயகனைப் போலக் கதைத்துப் பார்ப்பது எந்தக் காலத்திலும் நடந்ததுதான். என் கவலை வேறு. ஒரு பிள்ளை மேடையில் ஏறி ஒலிவாங்கியைக் கையில் எடுத்ததும் தன் ஊர்த்தமிழை விட்டுவிட்டு, ரிவித் தொகுப்பாளினியின் குரலுக்கு மாறுகிறது. வீட்டில் 'வாங்கோ' என்று சொல்கிற வாய் அங்கே 'வாங்க' என்கிறது. தன்னுடைய பேச்சு மேடைக்கு உதவாது என்று யாரோ அந்தப் பிள்ளைக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறோம். தென்னிந்தியப் படங்களில் ஈழத்தவராக நடிக்கிறவர்கள் எல்லா வசனத்தையும் ஒரே ராகத்தில் இழுப்பதைக் கேட்கும்போதும் அதே வலிதான். பழகிக் கதைக்க ஆளா இல்லை?

'டிவி'யை ஏன் 'ரிவி' என்று எழுதுகிறீர்கள்?

தமிழ்ச் சொல் ட-வில் தொடங்காது. அதோடு, ஆங்கிலத்தில் T எழுத்தை உச்சரிக்கும்போது நாக்கு நுனி பல்லின் அடியைத் தொடுகிறது. ட-வுக்குப் போல மேலண்ணத்தில் மடிவதில்லை. எங்கள் 'காற்று', 'வெற்றி' என்பவற்றில் வரும் ற்ற அந்த ஒலிக்குக் கிட்ட இருக்கிறது. ஆகவே நடுவில் வந்தால் ற்ற அல்லது ற், முதலில் வந்தால் ர: ரயர், ரிக்கற், ரின் மீன். எழுத்துப் பிழை இல்லை, இங்கே பழகிய முறை அது.

என்னை 'நீர்' என்று அழைத்தார்கள். மரியாதைக் குறைவா?

இல்லை, நெருக்கம். 'நீ' பிள்ளைகளுக்கும் கூட்டாளிகளுக்கும். 'நீங்கள்' பெரியவர்களுக்கும் தெரியாதவர்களுக்கும். இரண்டுக்கும் நடுவில் 'நீர்' இருக்கிறது. வாத்தியார் உயர்வகுப்பு மாணவனை அழைப்பார், கணவனும் மனைவியும் ஒருவரை ஒருவர் அழைப்பார்கள், வேலையிடத்தில் மூத்தவர் இளையவரை அழைப்பார். "உமக்கு விளங்குதோ?" என்று கேட்கும்போது அதில் ஒரு கனிவு இருக்கிறது. இந்த நடுப்படி மெல்ல மெல்லக் குறைந்து வருவது எனக்குக் கவலை.

தெரியாத ஒருவரை என்ன முறை சொல்லிக் கூப்பிடுவது?

அண்ணை, அக்கா, ஐயா, அம்மா. இதில் எதுவும் பிழைக்காது. 'அன்ரி', 'அங்கிள்' என்று சொன்னாலும் யாரும் கோபிக்க மாட்டார்கள். ஆனால் சொந்தத்துக்குள் எங்களிடம் எவ்வளவு அருமையான முறைகள் இருக்கின்றன! ஆசையம்மா, குஞ்சம்மா, குஞ்சையா, சின்னம்மா, பெரியப்பா. ஒரு அம்மாவுக்கு நாலு தங்கைகள் இருந்தால் நாலு பேருக்கும் நாலு பெயர். 'அன்ரி' என்றால் நாலு பேரும் ஒரே ஆளாகிவிடுகிறார்கள்.

"தம்பி எவடம்?" என்று கேட்டால் என்ன பதில் சொல்வது?

இந்தக் கேள்வியை விட்டுவிட்டு யாழ்ப்பாணத்தைப் பற்றி எழுத முடியாது. பஸ்ஸில், ஆஸ்பத்திரி வாங்கில், கலியாண வீட்டுப் பந்தியில் ஒரு முதியவர் கேட்பார்: "தம்பி எவடம்?" எந்த இடம் என்று அர்த்தம். ஊரைச் சொன்னால், "அங்கை எந்தப் பக்கம்? கோயிலடியோ?" அதையும் சொன்னால், "ஆற்றை மகன்?" அதாவது, யாருடைய மகன்?

முதல் இரண்டு கேள்விகளையும் நல்ல மனசோடும் கேட்கலாம். இடம்பெயர்ந்து சிதறிப்போன ஊர் இது. யாரைக் கண்டாலும் ஒரு தொடர்பு கிடைக்காதா என்று தேடுகிறவர்கள் இருக்கிறார்கள். உங்கள் அம்மப்பாவோடு படித்தவராக இருந்தால் அந்த மனுசன் கண் கலங்குவார். ஆனால் பல தடவை மூன்றாவது கேள்வி சாதியைக் கண்டுபிடிக்கத்தான். பதில் வந்த பிறகு குரல் மாறுவதை நான் கேட்டிருக்கிறேன். ஒரு பதிலில் 'தம்பி' என்றவர், அடுத்த வசனத்தில் 'நீ' என்றார். அந்த இடத்தில் நின்றவன் என் மகனின் நண்பன். அந்தப் பிள்ளை அதன் பிறகு எங்கள் வீட்டுக் கொண்டாட்டம் எதற்கும் வரவில்லை.

இது பழங்கதை இல்லை, ஆனால் இதற்கு எதிராக நின்றவர்களின் கதையும் இங்கே உண்டு. 1957இல் சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் வந்த பிறகும் தேநீர்க்கடைக்குள் இருந்து குடிக்கவும் கோயிலுக்குள் போகவும் மக்கள் போராட வேண்டியிருந்தது. 1966 அக்டோபரில் சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணம் நோக்கி ஊர்வலம் போனார்கள். 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாசலில் போராட்டம் நடந்தது. வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கு நல்லூர்க் கந்தசுவாமி கோயிலைக் காட்டுகிறவர்கள் இதையும் சொல்ல வேண்டும்.

நான் சொல்கிற பதில் இது: ஊரின் பெயரைச் சொல்லுங்கள். அடுத்த கேள்வி வந்தால், "நீங்கள் எவடம் ஐயா, சுகமா இருக்கிறியளோ?" என்று அவர் பக்கம் திருப்பிவிடுங்கள். மூன்றாவது கேள்விக்குப் பதில் சொல்லக் கடமையில்லை. எங்கள் வீட்டில் யாரும் இப்போது அந்தக் கேள்வியைக் கேட்பதில்லை. விருந்தாளி கேட்டாலும் பிள்ளைகளுக்கு முன்னால் நிறுத்திவிடுவேன்.

போகிற வீடெல்லாம் தேத்தண்ணி குடிக்க வேண்டுமா?

ஓம், கொஞ்சமாவது. ஒரு நாளில் எட்டு வீட்டுக்குப் போகிறீர்கள், வயிறு தாங்காது, சரி. "அரைக் கோப்பை காணும்" (போதும்) என்று சொல்லலாம். சீனி வேண்டாம் என்று சொல்லலாம். ஒரேயடியாக வேண்டாம் என்று மட்டும் சொல்லாதீர்கள். மேலே சொன்ன சாதிக் கதையோடு இது சேர்ந்தது. ஒரு வீட்டில் தண்ணீர் வாங்கிக் குடிக்காமல் எழும்பிப் போவது, 'நான் உன் வீட்டில் வாய் நனைக்க மாட்டேன்' என்று சொல்வதற்குச் சமமாக இருந்த ஊர் இது. நீங்கள் உடல்நலத்துக்காக மறுப்பீர்கள். அந்த அம்மாவின் மனசில் வேறொன்று தைக்கும்.

பக்கத்து வீட்டிலிருந்து பாத்திரத்தில் ஏதாவது வந்தால், அதை வெறுமையாகத் திருப்பிக் கொடுப்பதில்லை. ஒன்றுமில்லாவிட்டால் நாலு முருங்கைக்காய்.

மின்சாரம் இல்லாத காலத்தில் எப்படிப் படம் பார்த்தீர்கள், பாட்டுக் கேட்டீர்கள்?

பிள்ளைகள் நம்ப மறுக்கிற பகுதி இதுதான். 1990களின் முதற்பாதியில், போர்க்காலத்தில், குடாநாட்டில் மின்சாரம் இல்லை. பற்றறி கொண்டுவரத் தடை. மண்ணெண்ணெய் தங்கத்தின் விலை. ஒரு ஜாம் போத்தலின் அடியில் பஞ்சை வைத்து, அது ஊறும் அளவுக்கு எண்ணெய் விட்டு, சைக்கிள் வால்வுக் கட்டைக்குள் திரியைக் கோத்து எரித்தால் அதுதான் விளக்கு. அந்த வெளிச்சத்தில் படித்துப் பல்கலைக்கழகம் போனவர்கள் இருக்கிறார்கள்.

பாட்டுக்குச் சைக்கிள். முற்றத்தில் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, டைனமோவிலிருந்து இரண்டு வயரை வானொலிக்கோ கசற் பெட்டிக்கோ இழுத்துக் கொடுப்போம். ஒருவர் பெடலைக் கையால் சுற்ற வேண்டும். கை களைத்தால் பாட்டும் இழுபடும். பாடகர் திடீரென்று கிழவராகிவிடுவார், எல்லாரும் "சுத்து, சுத்து!" என்று கத்துவோம். அண்ணா சுற்றுவான், நான் சுற்றுவேன், பிறகு பக்கத்து வீட்டுப் பெடியன். செய்திக்கும் அதே சைக்கிள்தான். இரவில் பிபிசி தமிழோசை கேட்கும்போது சுற்றுகிறவரைத் தவிர யாரும் அசைய மாட்டோம்.

படத்துக்கு 'டெக்' எடுக்க வேண்டும். ரிவி, வீடியோ டெக், ஜெனறேற்றர் மூன்றையும் வாடகைக்கு விடுகிறவர்கள் இருந்தார்கள். ஒழுங்கையில் வீட்டுக்கு வீடு காசு சேர்த்து, ஒரு சனிக்கிழமை இரவு எங்கள் முற்றத்தில் போட்டோம். ஜெனறேற்றரைச் சத்தம் கேட்காதபடி கிணற்றடிக்கு அப்பால் வைத்தார்கள். அது மண்ணெண்ணெய்ப் புகையைக் கக்கிக்கொண்டு நின்றது. முன்வரிசையில் பாயில் சிறுவர், பின்னால் வாங்கில் ஆச்சிமார், வேலியோரம் நின்றபடி இளைஞர்கள். ஒரே இரவில் மூன்று படம். முதலாவது பக்திப் படம், ஆச்சிமாருக்காக. இரண்டாவது குடும்பப் படம். மூன்றாவதில் சண்டை. அது தொடங்கும்போது நாங்கள் நித்திரையாகியிருப்போம், காலையில் அழுவோம். ஹெலிச் சத்தம் கேட்டால் எல்லாம் நின்றுவிடும். அந்த இருட்டில் அம்மா என் வாயைப் பொத்திக்கொண்டு பதுங்குகுழிப் படியில் இருந்ததும், சத்தம் தூரப் போனதும் யாரோ "விட்ட இடத்திலை இருந்து போடுங்கோ" என்று சொன்னதும் இன்னும் காதில் இருக்கிறது.

பார்க்காதவர்களுக்குப் பார்த்தவர்கள் படக்கதை சொல்வார்கள். எங்கள் சின்னம்மா அதில் கெட்டிக்காரி. அவரிடம் கேட்ட படங்களைப் பிறகு திரையில் பார்த்தபோது, அவர் சொன்ன சில காட்சிகள் படத்திலேயே இல்லை.

முதல் நாள் காட்சிக்குக் கட்டவுட், பாலாபிஷேகம் எல்லாம் இங்கேயும் உண்டா?

உண்டு. ஒரு காலத்தில் நகரில் ராஜா, மனோகரா, வெலிங்டன், ரீகல், வின்சர் என்று தியேட்டர்கள் வரிசையாக இருந்தன. பல போருக்குப் பிறகு மிஞ்சவில்லை. இருக்கிறவற்றில் பெரிய நட்சத்திரத்தின் படம் வந்தால் விடியக் காலை வெடி கேட்கும். பிடித்த நடிகருக்காகப் பெடியள் சேர்ந்து ஆடுவதை நான் குறை சொல்ல மாட்டேன். பயமில்லாமல் கூட்டமாகத் தெருவில் நின்று சிரிக்கிற இளைஞர்களைப் பார்க்க எங்களுக்கு எத்தனை வருடம் ஆனது! பால் ஊற்றுவதை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. 2022இன் பொருளாதார நெருக்கடியில் பால்மாவுக்காக நாங்கள் வரிசையில் நின்றோம். அந்த வரிசையில் கைக்குழந்தையோடு நின்ற பிள்ளையின் முகத்தைக் கண்டவர் யாரும் ஒரு பைக்கற்றையும் படத்துக்கு மேல் ஊற்ற மாட்டார்.

கோயில் திருவிழாவில் நாதஸ்வரத்தில் சினிமாப் பாட்டா?

இரவுத் திருவிழாவில் சுவாமி வெளிவீதி வந்து ஓரிடத்தில் நிற்கும்போது தவில், நாதஸ்வரக்காரர் வட்டமாக நிற்பார்கள். முதலில் கீர்த்தனை, ராகம். பிறகு சனம் நெருங்கி வர, சினிமா மெட்டுகள். இளவட்டங்கள் கைபேசியை உயர்த்திப் பிடிப்பார்கள்.

இதைப் பற்றிச் சண்டையே நடக்கும். நாதஸ்வர வித்துவான் அளவெட்டி என்.கே. பத்மநாதனும் தவில் மேதை தெட்சணாமூர்த்தியும் வாசித்த மண்ணில் இதுவா என்று கேட்பார்கள். அந்தக் கேள்வியின் ஆதங்கம் எனக்கும் புரிகிறது. ஆனால் நான் அந்த வட்டத்தில் நின்று பார்த்திருக்கிறேன். ஒரு மெலடியை எடுத்து வாசித்து, அந்த ராகத்தின் வழியாகவே கலைஞர் மெல்லச் சுத்தமான ஆலாபனைக்குள் போனார். பாட்டுக்காக வந்த பெடியள் கலையாமல் நின்றார்கள். பதினைந்து நிமிடம் ஒரு தவில் தனியைப் பொறுமையாகக் கேட்டுவிட்டு விசில் அடித்தார்கள். அந்த விசில் எனக்குப் பிழையாகப் படவில்லை.

எங்களுக்கென்று சொந்தமாகப் பாட்டு, படம் எதுவும் இல்லையா?

ஏன் இல்லை? 1960களின் கடைசியிலும் 70களிலும் பைலா மெட்டில் துள்ளியெழுந்த தமிழ்ப் பொப்பிசை எங்களுடையது. நித்தி கனகரத்தினம், ஏ.ஈ. மனோகரன் குரல்களைக் கலியாண வீட்டில் இன்றும் கேட்கலாம். நடிகமணி வி.வி. வைரமுத்துவின் இசை நாடகத்துக்குப் பாயோடு போய் விடிய விடிய இருந்தவர்கள் எங்கள் ஆச்சிமார். அவர் அரிச்சந்திரனாக மயானக் காட்சியில் பாடத் தொடங்கினால் அழாதவர் இல்லை என்று அம்மம்மா சொல்வார். படத்தில், சிங்களரான தர்மசேன பத்திராஜ 1977இல் யாழ்ப்பாணத்தில் எடுத்த 'பொன்மணி'யைத் தேடிப் பாருங்கள். இந்த ஊரின் வீடும் சாதியும் சீதனமும் அதில் எப்படி வருகிறதென்று பார்த்தபின் கதைப்போம்.

சாமத்திய வீட்டை (பூப்பு நீராட்டு விழாவை)ப் பெரிதாகச் செய்யத்தான் வேண்டுமா?

என்னிடம் கேட்டால், பிள்ளையிடம் கேளுங்கள் என்பேன்.

மாமன் பால் அறுகு வைப்பது, மாமி தண்ணீர் வார்ப்பது, உளுத்தங்களியும் நல்லெண்ணெயும் கொடுத்து உடம்பைத் தேற்றுவது, பெண்கள் சோடி சோடியாக வந்து ஆலாத்தி எடுப்பது: இதெல்லாம் ஒரு வீட்டு முற்றத்துக்குள் பெண்கள் கூடிச் செய்தவை. இன்று மண்டபம், பல்லக்கு, ட்ரோன், படத்தில் கதாநாயகி வருவது போல ஓர் அறிமுகப் பாட்டு. சந்தியில் பிள்ளையின் படம் போட்ட பதாகை.

எனக்கு மருமகள் முறையான ஒரு பிள்ளைக்கு 12 வயதில் செய்தார்கள். நாலு தரம் உடுப்பு மாற்றம். மூன்றாவது சேலைக்குக் குத்திய ஊசி இடுப்பில் கீறி, சின்னதாக இரத்தம் கசிந்திருந்தது. ஒளிப்படக்காரர் "தங்கச்சி, கையைக் கன்னத்திலை வைச்சு ஒருக்கா சிரியுங்கோ" என்று சொல்லிக்கொண்டிருந்தார். பிள்ளை சிரித்தது. நான் ஊசியைக் கழற்றியபோது என் காதில், "எப்ப முடியும் மாமி?" என்று கேட்டது. வகுப்புப் பெடியள் அந்தப் பதாகையைக் கடந்துதானே பள்ளிக்கூடம் போவார்கள், அதுதான் அதன் கவலை.

ஆகவே என் மகளின் முறை வந்தபோது அவளிடம் கேட்டோம். தண்ணீர் வார்க்கலாம், அம்மம்மா களி கிண்டலாம், படம் வீட்டுக்குள் இருக்க வேண்டும் என்றாள். அப்படியே செய்தோம். சொந்தத்தில் இரண்டு குடும்பம் கோபித்தது. ஒன்று சமாதானமாகிவிட்டது.

இன்னும் சீதனம் கேட்கிறார்களா?

கேட்கிறார்கள். காணி, வீடு, நகை, அதற்கு மேல் மாப்பிள்ளை வீட்டாருக்கு 'டொனேசன்' என்று காசு. 'எங்கள் பண்பாடு' என்று சொல்லித்தான் கேட்கிறார்கள், அதனால் கொஞ்சம் சரித்திரம் சொல்கிறேன். ஒல்லாந்தர் காலத்தில் 1707இல் எழுத்தில் பதிந்த தேசவழமை, அதாவது யாழ்ப்பாணத் தமிழரின் வழக்கச் சட்டம், சொத்தை முதுசம் (பரம்பரைச் சொத்து), சீதனம், தேடியதேட்டம் (மணவாழ்வில் தேடிய சொத்து) என்று பிரிக்கிறது. சீதனம் பெண்ணுக்கு உரிய சொத்து. தாயின் சீதனம் மகளுக்கு வரும் வழி அது. மாப்பிள்ளையின் தமக்கை கலியாணத்துக்குக் காசு வேண்டும் என்று கேட்பதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை. அதே சட்டத்தின் கீழ், மணமான பெண் தன் பேரில் உள்ள காணியை விற்கவோ ஈடு வைக்கவோ கணவனின் எழுத்துச் சம்மதம் வேண்டும். மகளுக்கு வீடு எழுதிக் கொடுத்துவிட்டோம் என்று நிம்மதியாக இருக்கிற பெற்றோர் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். உறுதி எழுதுகிற நொத்தாரிசிடம் கேட்டுவிட்டுக் கையெழுத்து வையுங்கள்.

வாங்காமல் கட்டிய மாப்பிள்ளைகளும் இருக்கிறார்கள். அவர்களை ஊர் 'ஏதோ குறை இருக்கும்' என்று சந்தேகிப்பதுதான் மிகவும் வேதனை.

கலியாண வீட்டுக்கு எவ்வளவு கொடுப்பது?

உங்களால் முடிந்தது, உறையில், பெயர் எழுதி. பெயர் முக்கியம், வீட்டில் ஒரு கொப்பியில் குறித்து வைத்து, உங்கள் வீட்டு நன்மைக்குத் திருப்பிச் செய்வார்கள். கொடுக்க வசதியில்லை என்று போகாமல் மட்டும் நிற்காதீர்கள்.

நல்லூருக்கு என்ன உடுப்பு?

ஆண்கள் மேற்சட்டையைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போகலாம், வேட்டி நல்லது. பெண்கள் சேலை, பாவாடை தாவணி, பஞ்சாபி (சல்வார்). திருவிழா 25 நாள். பூசை சொன்ன நேரத்துக்குத் தொடங்கிவிடும், ஐந்து நிமிடம் பிந்தினாலும் பார்க்க முடியாது. அர்ச்சனைச் சிட்டை ஒரு ரூபாய். எவ்வளவு பெரிய பணக்காரர் வந்தாலும் அதே ஒரு ரூபாய்தான், அதில் எனக்குப் பெருமை.

ஆடிப்பிறப்புக்கு என்ன விசேஷம்?

கூழும் கொழுக்கட்டையும். ஆடி முதலாம் நாள் பனங்கட்டி போட்ட இனிப்புக் கூழ் காய்ச்சி, பலாவிலையைக் கோலிக் குடிப்போம். நவாலியூர் சோமசுந்தரப் புலவர் சிறுவருக்காக இதைப் பாடி வைத்தார். இங்கே படித்த எவரிடமும் கேட்டால் முதல் வரியைச் சொல்வார்கள். ஆடியில் வந்து நிற்கிற பிள்ளைகள் கேக் கேட்காமல் கூழ் கேட்கும்போது எனக்கு வருகிற சந்தோசம் பெரிது.

திரும்பிப் போகும்போது என்ன கட்டிக்கொண்டு போகலாம்?

முதலில் தூள். செத்தல் மிளகாய், மல்லி, சீரகம், பெருஞ்சீரகம், மிளகு, வெந்தயம், மஞ்சள், கறிவேப்பிலை எல்லாம் வறுத்து, மில்லில் கொடுத்துத் திரித்து, பாயில் பரப்பி நன்றாக ஆற விட்ட பிறகு கட்ட வேண்டும். சூட்டோடு கட்டினால் கட்டிபட்டு மணம் போய்விடும். ஆகவே பயணத்துக்கு இரண்டு நாளுக்கு முன்பே சொல்லுங்கள், முதல் நாள் இரவு சொல்ல வேண்டாம். நாலு பை போட்டு இறுக்கிக் கட்டி, ஒவ்வொரு பைக்கு மேலும் பெயரை எழுதுவேன். இல்லாவிட்டால் பாரிஸுக்குப் போக வேண்டியது ரொறன்ரோவுக்குப் போய்விடும். பிறகு ஒடியல் மா, புழுக்கொடியல், பனங்கட்டி, மோர் மிளகாய், எள்ளுப்பாகு, பயத்தம் பணியாரம். பருத்தித்துறை வடையை மட்டும் பெட்டிக்குள் போடாதீர்கள். தட்டையாக இருப்பதால் நொறுங்கிவிடும். ஒரு பிஸ்கற் ரின்னுக்குள் அடுக்கிக் கையில் கொண்டு போங்கள்.